படுக்கும் நேரத்தைக் குறைத்த பிறகு வந்த தூக்கம்

அப்பா பக்கவாதத்தால் படுத்த படுக்கையாக இருந்த ஐந்து மாதங்களும் இரவில் அவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது. பேச்சு குழறிப்போயிருந்ததால், ஏதாவது வேண்டுமென்றால் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் எவர்சில்வர் டம்ளரால் தட்டுவார். அந்தச் சத்தத்துக்கு எழுந்து பழகிய காது, 2019 ஜூலையில் அவர் காலமான பிறகும் பழக்கத்தை விடவில்லை. இரவு இரண்டு மணிக்கு டம்ளர் தட்டும் ஓசை கேட்டதுபோல் விழித்துக்கொள்வேன். பிறகு பால் வண்டி வரும் வரை கண் மூடாது. துக்கம் ஆறினால் தூக்கம் தானாக வரும் என்று உறவினர்கள் சொன்னதை நானும் நம்பினேன். துக்கம் ஓரளவு ஆறியது. தூக்கம் மட்டும் நான்கு ஆண்டுகள் சரியாகவில்லை.

தூங்குவதற்கு நேரமும் இடமும் இருந்தும், வாரத்தில் மூன்று இரவுகளாவது தூக்கம் வராமலோ இடையில் கலைந்தோ போய், அதனால் பகல் வேலையும் கெட்டு, மூன்று மாதங்களுக்கு மேல் அது நீடித்தால் நாள்பட்ட தூக்கமின்மை என்று மருத்துவத்தில் சொல்கிறார்கள். நான் அந்த வரம்பை எப்போதோ தாண்டியிருந்தேன். அம்மா உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டார். ஜாதிக்காய்த் தூளைப் பாலில் கலந்து கொடுத்தார். சித்த வைத்தியர் ஒருவர் அமுக்கரா சூரணம் தந்தார். அம்மாவின் கை பட்ட அந்தச் சில நிமிடங்கள் மனதுக்கு இதமாக இருந்தன. ஆனாலும் இரண்டு மணி விழிப்பு நிற்கவில்லை. மாலைக் காபியை நிறுத்தியதில் மட்டும் சிறிது பலன் தெரிந்தது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்துகொண்டே வந்து தூக்கத்தை வரவழைக்கும் அடினோசின் என்ற வேதிப்பொருளை வேலை செய்யவிடாமல் தடுப்பது கஃபீன்; குடித்த கஃபீனில் பாதி உடலிலிருந்து நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது.

பிறகு மாத்திரைக்குப் போனேன். மருத்துவர் ஒருவர் ஐந்து நிமிடம்கூடப் பேசாமல் அல்பிரசோலம் எழுதிக் கொடுத்தார். முதல் இரண்டு வாரம் அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன். அதன்பின் அதே அளவு போதவில்லை. எட்டு மாதம் கழித்து, அச்சத்தில் ஒரே நாளில் நிறுத்தியபோது கை நடுக்கமும் படபடப்பும் வந்து, மூன்று இரவுகள் பொட்டுத் தூக்கமில்லை. மாதக்கணக்கில் எடுத்த இவ்வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, மருத்துவரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்தவரும் சொல்லவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. இது இந்திய மருந்து விதிகளில் 2014 முதல் எச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எனக்கோ பழைய அட்டையைக் காட்டினாலே கிடைத்துக்கொண்டிருந்தது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. வேறொரு மருத்துவர் பொறுமையாக அளவைக் குறைத்து, நான்கு மாதத்தில் என்னை அதிலிருந்து விடுவித்தார்.

அவர்தான் ஒரு மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார். தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும், தூக்கமின்மைக்கான அறிதல்-நடத்தைச் சிகிச்சை என்று ஒன்று இருப்பதை அங்குதான் முதன்முதலில் கேள்விப்பட்டேன். பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது இந்தச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-லேயே பரிந்துரைத்திருக்கிறது. நான் மாத்திரைச் சீட்டை வாங்கியது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து.

உளவியலாளர் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார்: எப்போது படுத்தேன், ஏறத்தாழ எப்போது தூங்கினேன், எத்தனை முறை விழித்தேன், எப்போது எழுந்தேன். கூட்டிப் பார்த்தால், பத்து மணி முதல் காலை ஆறரை வரை எட்டரை மணி நேரம் படுக்கையில் கிடந்து, ஐந்து மணி நேரமே தூங்கியிருந்தேன். "தூக்கம் கலைந்ததற்குக் காரணம் அப்பாவின் நோய். அது கலைந்தே இருப்பதற்குக் காரணம் இந்த மூன்றரை மணி நேரம்" என்றார். ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் முன்வைத்த விளக்கம் இது: தொடங்கிவைத்த காரணம் போன பிறகும், இழந்ததை ஈடுகட்ட நாம் செய்பவையே தூக்கமின்மையைப் பிடித்து வைத்திருக்கின்றன. சீக்கிரம் படுத்தது, ஞாயிறு மதியம் கண்ணயர்ந்தது, விடிந்த பிறகும் எழாமல் கிடந்தது என நான் மருந்தாக நினைத்துச் செய்த அத்தனையும் அந்தக் கணக்கில் வந்தன.

அவர் விதித்தது ஐந்தரை மணி நேரம்: இரவு பன்னிரண்டரைக்கு முன் படுக்கக் கூடாது, எப்படித் தூங்கியிருந்தாலும் காலை ஆறு மணிக்கு எழுந்துவிட வேண்டும். இடையில் விழித்து, தூக்கம் வராது என்று தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டும். கண் சொக்கினால்தான் திரும்ப வேண்டும். இந்த இரண்டாவது விதி ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-இல் வகுத்தது. படுக்கை என்றாலே விழிப்பு என்று ஆகிப்போன பழக்கத்தை உடைப்பதே அதன் நோக்கம். சுவர்க் கடிகாரத்தையும் கழற்றச் சொன்னார்.

முதல் வாரம் மிகவும் கொடுமையாக இருந்தது. பதினோரு மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்து, கண் எரிய எரிய, நாளைய சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். தலை தொங்கி, கத்தி கையிலிருந்து நழுவும். அலுவலகத்துக்கு ஸ்கூட்டரை எடுக்காமல் பேருந்தில் போனேன். அவர் முதலில் சொன்ன எச்சரிக்கையே அதுதான்: பகலில் தூக்கம் அமுக்கும், வண்டி ஓட்டாதீர்கள். ஒன்பதாம் நாள் இரவு படுத்ததுதான் தெரியும். கண் திறந்தபோது அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. மணி ஆறு. அம்மா கேட்டபோது பதில் சொல்ல வராமல் அழுதேன். படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கிய வாரங்களில் மட்டும் கால் மணி நேரம் கூட்டிக்கொண்டே போய், இப்போது பதினொன்றே காலுக்குப் படுக்கிறேன். சராசரியாக ஆறு மணி நேரம் தூங்குகிறேன்.

உரத்த குறட்டையும் மூச்சுத் திணறி விழிப்பதும் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்களுக்குத் தூக்கத்தைக் குறைப்பது ஆபத்தானது. ஆகவே இதைப் படித்துவிட்டுத் தானாகத் தொடங்க வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது இரண்டு வாரம் எழுதிய நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அறிதல்-நடத்தைச் சிகிச்சை தருபவரிடம் அனுப்ப முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

சென்ற மாதம் அப்பாவின் திதி வந்தது. அந்த வாரம் மூன்று இரவுகள் மறுபடியும் இரண்டு மணிக்கு விழித்தேன். எழுந்து கூடத்துக்குப் போய் விளக்கைப் போட்டு, அந்தப் பழைய நோட்டில் தேதியை எழுதினேன்.