ஓலைக்கூரையின் கீழே நாகராஜா

ஆவணி ஞாயிற்றில் நாகராஜா கோவிலுக்குப் போகாதே, கூட்டத்தில் நசுங்கிவிடுவாய் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மாவுக்கோ அந்த ஞாயிறுதான் வேண்டும். அங்கே வழிபட்ட களக்காட்டு அரசனின் தோல்நோய் தீர்ந்ததாக ஒரு கதை உண்டு; அது ஆவணி ஞாயிற்றோடு சேர்ந்தது அல்லவா? விடியும் முன்பே நாகர்கோவில் போய்ச் சேர்ந்தோம். பாதி ஊர் எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றது.

நாகர் சிலைகளின் மேல் பாலும் மஞ்சள்பொடியும் விழுந்து விழுந்து, கல்லின் நிறமே மறைந்திருந்தது. தரை வழுக்கியது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டே தன் பங்குக்கு ஒரு செம்பு பாலைச் சாய்த்தாள்.

மூலவரின் தலைக்கு மேல் கருங்கல் விமானம் கிடையாது. ஓலைக்கூரைதான். ஊருக்கே பெயர் கொடுத்த தெய்வம் இன்னும் குடிசையில் இருக்கிறது! புல் அறுத்த பெண்ணின் அரிவாள் ஐந்தலை நாகத்தின் மேல் பட்டு ரத்தம் கசிய, பதறிய ஊரார் அந்த இடத்திலேயே ஓலை வேய்ந்து கும்பிடத் தொடங்கினார்கள் என்கிறது தலபுராணம். பின்னால் மண்டபங்கள் எழுந்தன; கூரையை மட்டும் யாரும் கல்லாக மாற்றவில்லை. ஆண்டுதோறும் பழைய ஓலையைப் பிரித்துவிட்டுப் புதிதாக வேய்கிறார்கள். ஈரமண், ஓலை, நிழல்: பாம்புக்கு எது இதம் என்பது வயலில் இறங்கியவனுக்குத் தெரியும். அந்த அறிவே இங்கே வழிபாட்டு முறையாக நிலைத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

தூண்களில் மகாவீரர், பார்சுவநாதர் உருவங்கள் இருக்கின்றன. சமணம் இங்கே செழித்திருந்ததற்கு அவை சாட்சி. பார்சுவநாதரின் தலைக்கு மேலும் நாகம் படமெடுத்து நிற்கிறது. அந்தப் பக்கம் அனந்தகிருஷ்ணன் சன்னிதி. அவருக்கோ பெயரிலேயே பாம்பு. தை மாதத் தேரோட்டம் அவருக்குத்தான். ஆனாலும் பெருமாளுக்கு முன்னால் இருக்கவேண்டிய கருடன் அவருடைய கொடிமரத்தில் இல்லை, ஆமைதான் இருக்கிறது. கருடனுக்கும் நாகத்துக்கும் ஆகாதே! வீட்டுக்காரரின் மனம் கோணாமல் பெருமாள் குடியிருக்கிறார்.

பிரசாதம், கருவறையின் ஈரமண். தை முதல் ஆனி வரை வெண்மை, ஆடி முதல் மார்கழி வரை கருமை என்பது நம்பிக்கை. அரசனின் நோயைத் தீர்த்ததும் இந்த மண்தான் என்பாள் அம்மா. நெற்றியில் இட்டுக்கொண்டு, மீதியைக் காகிதத்தில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், தேர் பார்க்கப் போனபோது வாங்கிய பழைய பொட்டலத்தைப் பூஜை அறையிலிருந்து எடுத்து, இரண்டையும் அருகருகே பிரித்துவைத்தேன். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதைச் சொல்லியும் விட்டேன்.

"கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார் மக்களே" என்றாள் அம்மா.