விளக்கை விடுங்கள், பாய்லரைப் பாருங்கள்

கட்டடங்களின் கார்பனுக்கு வரம்பு வைக்கும் லோக்கல் லா 97 என்று வாயைத் திறந்தால் போதும், எந்த நிர்வாக போர்டு கூட்டத்திலும் ஒருவர் வராந்தா விளக்குக்கு வந்துவிடுவார். "எல்லாத்தையும் எல்.இ.டி. ஆக்கிட்டா போதாதா?" நியூயார்க்கில், குயீன்ஸ் பக்கம், குடியிருப்பவர்களே கூட்டாகச் சொந்தம் கொண்டாடும் கோ-ஆப் கட்டடங்களுக்கு மேனேஜராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி மனப்பாடம். மாற்றுங்கள், நல்லதுதான். ஆனால் அபராதம் வரப்போவது அங்கிருந்து இல்லை.

2019-ல் நகரம் கொண்டுவந்த சட்டம் இது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு ஆண்டுக்கு இத்தனை டன் கார்பன் என்று வரம்பு உண்டு. 2024-லிருந்து அமல். தாண்டினால் டன்னுக்கு 268 டாலர், வருஷா வருஷம்.

ஒரு லட்சம் சதுர அடி அபார்ட்மெண்ட் கட்டடம் ஒன்றை வைத்துக் கணக்குப் போடுவோம். இப்போதைய வரம்பு 675 டன். வருஷத்துக்கு 80,000 தெர்ம் (கேஸை அளக்கும் அலகு) கேஸ் எரித்தால் 425 டன். மின்சாரம் ஐந்து லட்சம் யூனிட் என்றால் 145 டன். இதில் வீடுகளுக்குள் ஓடும் ஏ.சி.யும் அடக்கம், 'எனக்குத் தனி மீட்டர்' என்று யாரும் நழுவ முடியாது. ஆக 570. தாராளமாகப் பாஸ்.

2030-ல் வரம்பு 335 ஆகிவிடும். மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு இவ்வளவு கார்பன் என்று நகரம் வைத்திருக்கும் அளவும் அப்போது பாதியாகிறது. 145 டன் 72 ஆகும். கேஸுக்கு அந்தச் சலுகை கிடையாது, அதே 425தான். மொத்தம் 497. அதாவது 162 டன் அதிகம், சுமார் 43,400 டாலர். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தாலும் கேஸ் மட்டுமே வரம்பைத் தாண்டிவிடும்.

இவ்வளவு கேஸ் எங்கே போகிறது? ஜன்னல் வழியாக. "தம்பி, ஜனவரியிலயும் ஜன்னலத் திறந்து வச்சுத்தான் தூங்குறோம்" என்று பாய்லருக்கு நேர் மேலே குடியிருக்கும் அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். பழைய ஒற்றைக் குழாய் நீராவி ஹீட்டிங். குழாயின் கடைசியில் இருக்கும் வீட்டில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் காற்று வால்வு அடைத்திருக்கும்; காற்று வெளியேறாமல் நீராவி உள்ளே வராது, வீடு குளிரும், புகார் வரும். வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பகலில் வீட்டுக்குள் 68 டிகிரி இருந்தாக வேண்டும் என்பது நகரச் சட்டம். கட்டடத்தைப் பராமரிக்கும் 'சூப்பர்' (சூப்பரின்டெண்டன்ட்) பாவம் என்ன செய்வார், பாய்லரை இன்னும் கொஞ்ச நேரம் ஓட விடுவார். அந்த ஒரு வீட்டுக்காக மற்ற வீடெல்லாம் வேகும்.

கேஸுக்குப் பதில் மின்சாரத்தில் சூடாக்கும் ஹீட் பம்ப் பெரிய செலவு, பிறகு பேசலாம். முதலில் வால்வுகளை மாற்றி, சில வீடுகளுக்குள் வெப்பநிலை சென்சார் வைத்து, அதன் சொல்படி பாய்லரை ஓடவிடச் சொல்கிறேன்.

அப்புறம் அறிக்கை. மே 1-க்குள் ஆண்டு எரிசக்தி விவரம் ஒன்று. எஞ்சினியரோ ஆர்க்கிடெக்டோ சான்றளித்த கார்பன் அறிக்கை தனியாக. இரண்டாவதைக் கொடுக்காவிட்டால் சதுர அடிக்கு மாதம் 50 சென்ட் வரை அபராதம். நம் கட்டடத்துக்கு மாதம் 50,000 டாலர்! வரம்பு மீறியதற்கான ஒரு வருஷத்து அபராதத்தையே அது தாண்டிவிடும். அதனால் எஞ்சினியரை ஜனவரியிலேயே பிடித்துவிடுவேன்.

வால்வு வேலையை அக்டோபர் 1-ல் ஹீட்டிங் சீசன் தொடங்கும் முன் முடிக்க வேண்டும். பணத்துக்கு போர்டு சம்மதித்துவிடும். ஊருக்குப் போனவர்கள் வீட்டுச் சாவியை வாங்குவதுதான் பாடு.