வெஸலே குன்றைச் சுற்றி ஒரு நடை

பாரீசுக்குத் தென்கிழக்கே, பர்கண்டிப் பகுதியின் யோன் மாவட்டத்தில், ஏறத்தாழ 300 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்றின் முதுகில் நீளவாக்கில் அமைந்திருக்கிறது வெஸலே என்னும் சிற்றூர். ஐந்நூறு பேர்கூட வசிக்காத இந்த ஊருக்கு ஆண்டு முழுவதும் மக்கள் வந்துகொண்டே இருப்பதற்குக் காரணம், உச்சியில் நிற்கும் மகதலேனா மரியாள் பசிலிக்கா. 1979 முதல் அந்தப் பசிலிக்காவும் குன்றும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளன. பெரும்பாலானோர் அடிவாரத் திடலில் காரை நிறுத்திவிட்டு, ஒரே தெருவில் ஏறி, கோயிலைப் பார்த்துவிட்டு, அதே வழியில் இறங்கிப் போய்விடுகிறார்கள். இந்த ஊரை அப்படிப் பார்ப்பது பாதி பார்ப்பதுதான் என்பது என் கருத்து. முதலில் குன்றைவிட்டு இறங்கி, பள்ளத்தாக்கின் இரண்டு கிராமங்களைத் தொட்டு வட்டமாக நடந்து, கடைசியில் பசிலிக்காவுக்குள் நுழைந்தால்தான், இந்தக் கோயில் ஏன் இவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதும், நடந்தே வந்த மக்களுக்காக அது கட்டப்பட்டது என்பதும் விளங்கும்.

அப்படி நடக்க வேண்டிய தூரமும் அதிகமில்லை. வெஸலே, அஸ்கேன், சேன்-பேர், மீண்டும் வெஸலே என்ற சுற்று பத்துக் கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். நின்று நிதானித்துப் போனாலும் அரை நாள் போதும். செப்டம்பர் மாதக் கடைசியில், அறுபதைக் கடந்த என் சித்தப்பாவை அழைத்துக்கொண்டு இந்தச் சுற்றை நடந்தேன். மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் கடைசியில் வருகிறது. பாதையில் கடை கண்ணி குறைவு என்பதால், தண்ணீரையும் ரொட்டியையும் சிறிது பாலாடைக்கட்டியையும் ஊரிலேயே வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. பிரான்சின் நடைபாதைகளில் மரங்களிலும் கற்களிலும் வண்ணக் கோடுகள் தீட்டியிருப்பார்கள். சிவப்பும் வெள்ளையுமான இரட்டைக் கோடு நெடுந்தொலைவுப் பாதையையும், மஞ்சள் கோடு உள்ளூர்ச் சுற்றையும், பெருக்கல் குறி தவறான திசையையும் காட்டுகின்றன. இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால், பிரெஞ்சு மொழி தெரியாதவரும் வழி தவற மாட்டார்.

கோட்டை மதிலின் வடபுறத்தில் உள்ள திருச்சிலுவை வாயிலிலிருந்து ஒரு மண்பாதை மரங்களுக்கிடையே இறங்குகிறது. சில நிமிடங்களிலேயே சரிவில் ஒரு மரச்சிலுவையும், சற்றுக் கீழே லா கோர்தெல் என்னும் சிறிய கற்கோயிலும் வருகின்றன. 1146ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், ஈஸ்டர் திருநாளன்று, கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார் இந்தச் சரிவில் நின்றுதான் இரண்டாம் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தார். பிரான்சின் அரசர் ஏழாம் லூயியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். கூட்டம் பசிலிக்காவுக்குள் அடங்காது என்பதால்தான் திறந்தவெளியைத் தேர்ந்தார்கள். தோளில் தைத்துக்கொள்ளக் கொடுத்த துணிச்சிலுவைகள் தீர்ந்துபோனதும், பெர்னார் தம் அங்கியையே கிழித்துக் கொடுத்தார் என்று சொல்வார்கள். அந்த அழைப்பை ஏற்றுப் புறப்பட்ட படை பெருந்தோல்வி கண்டது. திரும்பி வராதவர்கள் பல்லாயிரம் பேர். இன்று அங்கே இருப்பது புல் சரிவும் ஓக் மரங்களும்தான். கற்கோயிலுக்குள் சில மரப்பலகை இருக்கைகளும், வெண்சாந்து உதிர்ந்த சுவரும், ஒரு சிறு சாளரமும் உள்ளன. அலங்காரம் என்று எதுவும் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவிகள் இங்கே வந்து தங்கினார்கள். போர் முழக்கம் எழுந்த சரிவிலேயே ஏழ்மையை விரதமாக ஏற்ற துறவிகள் குடியேறியது என் மனத்தை மிகவும் தொட்டது.

அங்கிருந்து வயல்களின் ஓரமாகவே போனால் அஸ்கேன் கிராமம் வந்துவிடும். பாதையெங்கும் வால்நட் மரங்கள். விழுந்த காய்களின் பச்சைத் தோல் வெடித்துக் கறுத்துக் கிடந்தது. அதைக் கையால் உரித்தால் விரல்களில் ஏறும் பழுப்புக் கறை இரண்டு மூன்று நாள் போகாது. உள்ளே இருக்கும் பருப்போ பால் மணம் மாறாமல், மெல்லிய தோலை நீக்கியதும் தித்திப்பாக இருக்கிறது. வேலியோரப் புதர்களில் கறுப்பு நாவற்பழ நிறத்தில் பிளாக்பெர்ரிப் பழங்கள் தொங்கின. அஸ்கேனின் தேவாலயம் இயேசுவின் சீடரான சந்தியாகப்பருக்கு உரியது. அவருடைய கல்லறை இருப்பதாக நம்பப்படும், ஸ்பெயினின் வடமேற்குக் கோடியில் உள்ள சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்கு நடந்து போகும் யாத்திரைக்குப் பிரான்சில் நான்கு பெருவழிகள் உண்டு. அவற்றில் ஒன்று வெஸலேயில் தொடங்குகிறது. அதனால்தான் 1998இல் அந்த வழிகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, இந்தச் சிறிய தேவாலயமும் உடன் இடம்பெற்றது.

அஸ்கேனுக்குப் பிறகு பாதை தெற்கே திரும்பி, கியூர் ஆற்றின் பள்ளத்தாக்கில் செல்கிறது. மோர்வான் மலைக்காடுகளில் பிறந்து யோன் ஆற்றில் கலக்கும் இந்த ஆறு அகலத்தில் சிறியதுதான்; அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம் போலத் தெளிவாக ஓடுகிறது. ஆனால் பாரீஸ் நகரம் பல நூற்றாண்டுகள் குளிர்காய்ந்தது இந்த ஆற்றின் தயவால் என்று சொன்னால் மிகையாகாது. பதினாறாம் நூற்றாண்டு தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, மோர்வானில் வெட்டிய விறகைக் கட்டை கட்டையாக இதன் நீரில் எறிந்து விடுவார்கள். எந்தக் கட்டை எந்த வியாபாரியுடையது என்று அறிய, கட்டையின் முனையில் சுத்தியலால் முத்திரை அடித்திருப்பார்கள். கீழே வெர்மெந்தோன் என்னும் ஊரில் அவற்றைக் கரையேற்றிப் பிரித்து, தெப்பங்களாகப் பிணைத்து, யோன் வழியாகவும் சேன் வழியாகவும் தலைநகருக்கு மிதக்கவிடுவார்கள். கோடையில் நீர் குறைந்தால் விறகு நகராது என்பதற்காக, மேலே மலையில் இதே ஆற்றை மறித்து அணை கட்டி, தேவைப்படும்போது நீரைத் திறந்துவிட்டார்கள். 1858இல் முடிந்த அந்தச் செத்தோன் ஏரி இன்று படகு விடும் இடமாக இருக்கிறது. ஆற்றோரத்தில் நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில் அந்தத் தொழிலின் சுவடு எதுவும் கண்ணில் படவில்லை. எதிர்க்கரையில் வெள்ளைநிற ஷாரொலே மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

ஆற்றின் கரையிலேயே இருக்கும் சேன்-பேர் கிராமத்தில்தான் வெஸலேயின் கதை உண்மையில் தொடங்குகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஜிரார் தெ ரூசியோன் என்னும் பிரபு மடத்தை முதலில் நிறுவியது இங்கே, தாழ்நிலத்தில். ஆற்று வழியாக ஏறி வந்த நார்மன் கொள்ளையர் அதைச் சூறையாடிய பிறகு, துறவிகள் பாதுகாப்புக்காகக் குன்றின் உச்சிக்குப் போய்விட்டார்கள். சேன்-பேரில் இப்போதுள்ள அன்னை மரியாள் தேவாலயம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கோதிக் பாணியில் கட்டப்பட்டது. அதன் கோபுரத்தில் சிறகு விரித்த வானதூதர் சிலைகள் உள்ளன. அவற்றின் வேலைப்பாட்டுக்கு நிகரானது இந்த வட்டாரத்தில் வேறில்லை. தேவாலய வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தால், தொலைவில் குன்றின்மேல் பசிலிக்காவின் கூரையும் கோபுரமும் முழுமையாகத் தெரிகின்றன. வாரக்கணக்கில் நடந்து வந்த யாத்திரிகர் இதே தரையில் நின்று அதைக் கண்டிருப்பார்கள். அந்த ஒரு காட்சிக்காகவே, காரில் வருபவர்களும் சேன்-பேர்வரையாவது இறங்கி வர வேண்டும் என்பேன்.

இனி ஏற்றம். பாதை திராட்சைத் தோட்டங்களின் நடுவே மேலேறுகிறது. சுண்ணாம்புக் கல் சில்லுகள் நிறைந்த வெளிறிய மண். மழை பெய்திருந்தால் செருப்பில் கனமாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் நல்ல பிடிமானமுள்ள காலணி அவசியம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிலோக்ஸெரா என்னும் பூச்சி பிரான்சின் கொடிகளையெல்லாம் அழித்தபோது, இந்தக் குன்றின் தோட்டங்களும் பாழாகி, பல பத்தாண்டுகள் தரிசாகவே கிடந்தன. 1970களில்தான் மீண்டும் கொடி நட்டார்கள். ஷார்தொனே திராட்சையிலிருந்து இங்கே எடுக்கும் வெள்ளை ஒயினுக்கு 2017இல் வெஸலே என்ற ஊர்ப்பெயரையே தாங்கும் உரிமை கிடைத்தது.

அடிவாரச் சந்தைத் திடலிலிருந்து ஊரின் ஒரே பெருந்தெரு உச்சிக்குச் செல்கிறது. யாத்திரைப் பாதையைக் காட்டும் பித்தளைச் சிப்பிகளைக் கல்தளத்தில் பதித்திருக்கிறார்கள். தெருவின் பாதியில் ஒரு வீட்டின் முன் சித்தப்பா நின்றுவிட்டார். எழுத்தாளர் ரோமன் ரோலண்ட் 1938 முதல் 1944 டிசம்பர் 30ஆம் நாள் மறையும் வரை வாழ்ந்த வீடு அது. இப்போது செர்வோஸ் அருங்காட்சியகம் அங்கே இயங்குகிறது. ராமகிருஷ்ணர், விவேகானந்தர், காந்தி ஆகியோரின் வாழ்க்கையை ஐரோப்பியருக்கு எழுதிச் சொன்னவர் ரோலண்ட். 1931 டிசம்பரில் சுவிட்சர்லாந்தில் அவருடைய இல்லத்துக்கே காந்தி வந்து சில நாட்கள் தங்கினார். "விவேகானந்தரை நான் முதன்முதலில் படித்ததே இவர் எழுத்தில்தானப்பா" என்றார் சித்தப்பா. உள்ளே பிக்காசோவும் காண்டின்ஸ்கியும் வரைந்த ஓவியங்கள் இருந்தும், தோட்டத்துப் பக்கச் சாளரத்தை விட்டு அவர் நகரவில்லை. நாங்கள் நடந்து வந்த பள்ளத்தாக்கு அங்கிருந்து தெரிந்தது.

பசிலிக்காவைப் பற்றி எழுதப் புகுந்தால் தனிக் கட்டுரையே வேண்டும். வரலாற்றுச் சின்னங்களைப் பார்வையிடும் அரசு அதிகாரியாக 1834இல் இங்கே வந்த எழுத்தாளர் ப்ராஸ்பர் மெரிமே கூரை இடியும் நிலையில் இருப்பதைக் கண்டு அரசுக்கு எழுத, 1840இல் இருபத்தாறே வயதான கட்டடக் கலைஞர் வியொலே-லெ-டுக் அதைப் புதுப்பிக்கும் பொறுப்பை ஏற்றார். உள்வாயிலின் மேல் உள்ள பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிற்பத்துக்குக் கட்டாயம் நேரம் ஒதுக்க வேண்டும். நடுவே கைகளை விரித்த கிறிஸ்து. அவர் விரல்களிலிருந்து சீடர்களுக்குப் பாயும் கதிர்கள். சுற்றிலும் உலகத்து மக்கள் இனங்கள் என்று அக்காலத்தவர் நம்பியவர்கள். நாய்த்தலை மனிதர்களும், உடலையே போர்த்தும் அளவு பெரிய காதுடையவர்களும், ஏணி வைத்துக் குதிரையேறும் குள்ளர்களும் அவர்களில் உண்டு. உள்ளே தென்புறத் தூணொன்றின் தலைப்பில், ஒருவர் திரிகைக்குள் தானியத்தைக் கொட்ட, இன்னொருவர் கீழே குனிந்து மாவைப் பையில் பிடிக்கிறார். கொட்டுபவர் மோசே, பிடிப்பவர் பவுல் என்று விளக்கம் சொல்வார்கள். பையின் வாயைப் பற்றியிருக்கும் விரல்களின் இறுக்கம் கல்லில் அப்படியே நிற்கிறது. ஜூன் மாதத்தில் பகல் மிக நீளமான நாளையொட்டி, சூரியன் உச்சிக்கு வரும் வேளையில், தென்புறச் சாளரங்களின் ஒளி நடுக்கூடத்தின் மையக்கோட்டில் வரிசையாக விழும்.

பக்கவாட்டில் சாத்தி வைத்திருக்கும் பெரிய மரச்சிலுவைகளைப் பலர் கவனிப்பதில்லை. பெர்னார் போருக்கு அழைத்த 800ஆம் ஆண்டு நிறைவில், 1946இல், சமாதானத்துக்காகப் பல நாட்டு மக்கள் பதினான்கு சிலுவைகளைச் சுமந்து நடந்தே இங்கு வந்தார்கள். அருகே முகாமில் இருந்த ஜெர்மானியப் போர்க்கைதிகள் தாங்களும் கலந்துகொள்ள அனுமதி கேட்டு, போரில் இடிந்த வீட்டின் உத்திரக் கட்டைகளைக் கொண்டு பதினைந்தாவது சிலுவையைச் செய்தார்கள். லா கோர்தெல் சரிவைக் காலையில் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இந்தச் சிலுவையின் பொருளை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பாரீசின் பெர்சி நிலையத்திலிருந்து அவலோன் செல்லும் ரயிலில் ஏறி, செர்மிசெல் நிறுத்தத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து வெஸலே ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். பேருந்துகள் குறைவு என்பதால் டாக்சியை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. ஒரே நாளில் போய்த் திரும்ப முடியும் என்றாலும், ஓர் இரவு தங்குமாறு பரிந்துரைக்கிறேன்; பசிலிக்காவில் துறவியர் பாடும் மாலைச் செபத்துக்கு இருக்கலாம், மறுநாள் காலை கூட்டம் வருவதற்கு முன்பே தூண் சிற்பங்களைப் பொறுமையாகப் பார்க்கலாம்.