ஏர்ல் பட்டமும் ஒரு பிரதமரும்

ஜூன் 4

கிரிக்கெட் புள்ளிவிவரம் ஒன்றைத் தேடப்போய் இந்த மனிதரிடம் வந்து நிற்கிறேன். முதல்தர கிரிக்கெட் ஆடிய ஒரே பிரிட்டிஷ் பிரதமர் அலெக் டக்ளஸ்-ஹியூம். மிடில்செக்ஸ் அணி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம், லண்டனின் எம்.சி.சி. கிளப் என மொத்தம் பத்து ஆட்டங்கள். அப்பா ஏர்ல் (பரம்பரையாக வரும் பிரபுப் பட்டம்), இவர் மூத்த மகன். ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு, 28 வயதில் எம்.பி. தடங்கலே இல்லாத பாதை.

ஜூன் 5

தடங்கல் இல்லை என்று நேற்று எழுதியது அவசரம். 1938இல் பிரதமர் சேம்பர்லினின் உதவியாளராக மியூனிக் போனார். செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த அந்த ஒப்பந்தத்தின் கறை இவர்மீதும் ஒட்டிக்கொண்டது. 1940இல் முதுகெலும்பில் காசநோய். கால் எலும்பை எடுத்து முதுகில் வைத்து அறுவை சிகிச்சை. அப்புறம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு மாவுக்கட்டோடு படுக்கை. அரசியல்வாதிக்கே முதுகெலும்பு வைத்துவிட்டீர்களே என்று டாக்டர்களைக் கிண்டல் செய்தாராம். படுத்த படுக்கையில் மார்க்ஸைப் படித்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஜூன் 8

1951இல் அப்பா இறந்ததும் இவர் 14ஆவது ஏர்ல். பரம்பரைப் பிரபு மக்கள் சபையில் உட்கார முடியாது என்பது அன்றைய விதி; அங்கே இவருடைய இடம் தானாகவே பறிபோனது. இவர் பேசாமல் பிரபுக்கள் சபைக்குப் போய்விட்டார், 1960இல் அங்கிருந்தபடியே வெளியுறவு அமைச்சரும் ஆனார்.

அதே 1960இல் தொழிற்கட்சியின் டோனி பென்னுக்கு அப்பாவின் வைகவுண்ட் என்ற பரம்பரைப் பிரபுப் பட்டம் வந்து சேர்ந்தது. அவர் பேசாமல் போகிற ஆள் இல்லை. இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். தேர்தல் நீதிமன்றமோ தோற்ற கன்சர்வேடிவ் வேட்பாளருக்கு இடத்தைக் கொடுத்தது. பென் விடாமல் போராடியதில், 1963 ஜூலையில் பட்டத்தைத் துறக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. மூன்றே மாதத்தில் அதனால் பெரிய லாபம் அடைந்தவர் கன்சர்வேடிவ் கட்சிக்காரரான ஹியூம். பென் வெட்டிய கிணற்றில் கன்சர்வேடிவ் கட்சி தண்ணீர் இறைத்துக்கொண்டது.

ஜூன் 9

ஆபீஸில் கணக்கு முடிக்கும் வாரம். ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

ஜூன் 11

அக்டோபர் 1963தான் சுவாரசியம். பிரதமர் மேக்மில்லன் ஆஸ்பத்திரிக் கட்டிலில். கட்சியில் ஓட்டெடுப்பு கிடையாது. மேலிடத்தில் நாலு பேர் விசாரித்துச் சொல்வதே முடிவு. ராணி ஆஸ்பத்திரிக்கே வந்து யோசனை கேட்டார், மேக்மில்லன் ஹியூமைச் சொன்னார். வரிசையில் காத்திருந்த மூத்த அமைச்சர் பட்லருக்கு ஏமாற்றம். அமைச்சர்கள் இயன் மெக்லியோடும் ஈனோக் பவலும் இந்த அமைச்சரவையே வேண்டாம் என்று விலகிக்கொண்டார்கள். அக்டோபர் 23 அன்று பட்டத்தைத் துறந்தவர், நவம்பர் 7 அன்று ஸ்காட்லாந்தில் கின்ராஸ் தொகுதி இடைத்தேர்தலில் ஜெயித்தார். நடுவில் இரண்டு வாரம், நாட்டின் பிரதமர் எந்தச் சபையிலும் உறுப்பினர் இல்லை!

எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் தலைவர் வில்சன் '14ஆவது ஏர்ல்' என்று குத்தியபோது, யோசித்துப் பார்த்தால் நீங்களும் 14ஆவது மிஸ்டர் வில்சன்தானே என்று திருப்பிக் கொடுத்தார். பதில் அழகு. ஆனால் கேள்வி அப்படியேதான் இருக்கிறது: 14ஆவது மிஸ்டர் வில்சனை நாலு பேர் கூடிப் பேசிப் பிரதமர் ஆக்கியிருப்பார்களா?

ஜூன் 14

1964 ஏப்ரல், அபர்டீன். நண்பர் வீட்டில் தனியாக இருந்தபோது கதவு தட்டப்பட்டது. பிரதமரே போய்த் திறந்தார். வாசலில் மாணவர்கள், உங்களைக் கடத்த வந்திருக்கிறோம் என்றார்கள். பெட்டி கட்ட அவகாசம் கேட்டு, பீர் கொடுத்து, நண்பர்கள் திரும்பும் வரை பேச்சிலேயே நேரத்தை ஓட்டிவிட்டார். தன் மெய்க்காப்பாளரின் வேலை போய்விடுமே என்று ஹியூம் இதை வெளியில் மூச்சுவிடவில்லை. எனக்கு இவரைப் பிடித்துப்போனது இங்கேதான்.

அக்டோபர் தேர்தலில் தொழிற்கட்சி 317, கன்சர்வேடிவ் 304. பதவியில் இருந்தது ஓராண்டுக்குச் சற்றுக் குறைவு. தோற்ற பிறகு செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்: கட்சித் தலைவரை எம்.பி.க்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் விதியை 1965இல் கொண்டுவந்துவிட்டு விலகினார். தான் ஏறிவந்த ஏணியைத் தானே அகற்றினார். அந்த ஓட்டில் வென்று பின்னர் பிரதமரான ஹீத்தின் கீழே 1970 முதல் 1974 வரை மறுபடி வெளியுறவு அமைச்சர். 1971இல் 105 சோவியத் அதிகாரிகளை உளவுக் குற்றச்சாட்டில் வெளியேற்றியது அப்போதுதான்.

1974இல் வாழ்நாள் பிரபுவாக (வாரிசுக்குப் போகாத பட்டம்) பிரபுக்கள் சபைக்கே திரும்பினார். அவர் துறந்த ஏர்ல் பட்டமோ எங்கும் போகவில்லை; சட்டப்படி அது அவருடைய ஆயுளுக்கு மட்டுமான துறவு. 1995இல், 92 வயதில், அவர் இறந்ததும் மகன் டேவிட் 15ஆவது ஏர்ல் ஆனார்.