ருமேனியாவுக்குப் போன லாரிகள்

ருமேனியாவின் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி நிக்கொலாய் சௌசெஸ்கு 1989 டிசம்பர் 25 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான், அந்நாட்டின் சிறார் இல்லங்களில் நடந்துகொண்டிருந்தது வெளியுலகத்துக்குத் தெரிந்தது. தொலைக்காட்சியில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தவர்களால் வீட்டில் இருக்க முடியவில்லை. இங்கிலாந்தின் சிறு ஊர்களிலிருந்துகூட லாரிகளும் வேன்களும் புறப்பட்டன. நான் அப்போது குடியிருந்த ஊரிலிருந்தும் ஒரு குழு போயிற்று. அதில் நானும் இருந்தேன். அண்மையில் இளைஞர்கள் சிலர், வெளிநாட்டில் உள்ள ஓர் ஆதரவற்றோர் இல்லத்தைச் சீரமைக்கத் தரைவழியாகவே போகவிருப்பதாகச் சொல்லி, என்னிடம் யோசனை கேட்டார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் டோவரில் கப்பலேறிப் பிரான்சின் கலேயில் இறங்கி, பெல்ஜியம், ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி வழியாக ருமேனியாவின் நட்லாக் எல்லைச் சாவடியை அடைவது அன்றைய வழக்கமான பாதை. ருமேனியாவின் வடகோடி வரை போகிறவர்களுக்கு மொத்தத் தொலைவு 2,000 கிலோமீட்டருக்கும் மேல். ஒவ்வொரு பெட்டியிலும் என்ன இருக்கிறது என்று பட்டியலிட்டு, அதைச் சுங்க அதிகாரிகளிடம் காட்டியாக வேண்டும். பட்டியல் தெளிவாக இருந்த வண்டிகளே சிக்கலின்றி எல்லையைத் தாண்டின. மெத்தைகள், சோப்பு, கிருமிநாசினி, சலவை இயந்திரங்கள், குளிருடைகள் ஆகியவற்றோடு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிகளுக்கும் எல்லாரும் இடம் ஒதுக்கினார்கள். அதற்குக் காரணம் உண்டு. நலிந்த குழந்தைகளுக்குத் தெம்பூட்டுவதாக எண்ணிப் பரிசோதிக்கப்படாத இரத்தத்தைச் சிறு அளவுகளில் ஏற்றியதாலும், ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டதாலும், அந்நாட்டில் ஆயிரக்கணக்கான சிறுவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியிருந்தது.

ஆனாலும் அங்கே பொருட்களைவிட அதிகம் பயன்பட்டவர்கள் பிளம்பர்களும் எலக்ட்ரீஷியன்களும்தான் என்பது என் உறுதியான எண்ணம். வெளிநாட்டுக் கடனை அடைப்பதற்காகச் சௌசெஸ்கு 1980-களில் மின்சாரம், எரிபொருள், உணவு அனைத்தையும் மக்களுக்குக் கடுமையாகக் குறைத்திருந்தார். அந்தப் பற்றாக்குறை மிகக் கொடுமையாகத் தாக்கியது, கேட்பதற்கு ஆளில்லாத இந்த இல்லங்களைத்தான். குழாய்கள் துருப்பிடித்திருந்தன, பாய்லர்கள் செயலிழந்திருந்தன, கழிவறைகள் நிரம்பி வழிந்தன. வெந்நீர் வரத் தொடங்கினால் துணிகளைக் கொதிநீரில் துவைக்கலாம், பிள்ளைகளைக் குளிப்பாட்டலாம், வயிற்றுப்போக்கு குறையும், குளிர்காலத்தில் சாவு குறையும். பிபிசி தொலைக்காட்சியில் அன்னெக்கா ரைஸ் நடத்திய நிகழ்ச்சி, சீரெட் என்ற எல்லையோரச் சிற்றூரின் இல்லத்தைச் சீரமைக்க 1990-இல் தன்னார்வலர்களையும் கைத்தொழிலாளர்களையும் திரட்டிச் சென்றதைப் பலர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்த வேலையில் ஒன்றை மறக்கக் கூடாது: உள்ளூரில் உதிரிபாகம் கிடைக்காத எந்த இயந்திரமும் முதல் பழுதோடு குப்பைக்குப் போய்விடும். ஆகவே அந்த ஊர்ச் சந்தையில் கிடைப்பதை அங்கேயே வாங்கி, அந்த ஊர் ஆட்களையே உடன் வைத்துக்கொண்டு பொருத்துவதே நல்லது.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்த பிறகும் தீராத ஒன்று உள்ளே இருந்தது. தொட்டில்களில் குழந்தைகள் அழாமல் கிடந்தார்கள். அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று அவர்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள். சிலர் மணிக்கணக்கில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஒரே பணிப்பெண் இருபது பிள்ளைகளுக்கு ஊட்டி, துடைத்து, உடைமாற்ற வேண்டியிருந்த இடத்தில், எந்தப் பிள்ளையையும் மடியில் வைத்துப் பேச அவருக்கு நேரமில்லை. அந்தப் பெண்களைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அனாதைகள் அல்லர். மக்கள்தொகையைப் பெருக்க வேண்டுமென்று 1966-இல் பிறப்பிக்கப்பட்ட 770-ஆம் ஆணை கருக்கலைப்பைத் தடைசெய்தது. கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமற் போயின. 1967-இல் பிறப்புகள் ஏறக்குறைய இருமடங்காயின. வளர்க்க வழியற்ற பெற்றோரிடம், அரசு உங்களைவிட நன்றாக வளர்க்கும் என்று சொல்லப்பட்டது. உடற்குறை உள்ளவர்கள் மூன்று வயதில் தேறாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டு, இன்னும் மோசமான இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

பெற்றோர் உயிரோடிருக்கும் பிள்ளைக்கு நாம் கட்டிடத்தைப் புதுப்பித்துக் கொடுக்கிறோம் என்பதை அங்கே இருந்தபோதே யோசித்தவர்கள் சிலர் உண்டு. பிள்ளைக்கு வேண்டியது கட்டிடம் அன்று, குடும்பம் என்பதைப் பின்னாளில் ஐயமின்றி நிறுவியது, 2000-இல் தலைநகர் புக்கரெஸ்டில் சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகியோர் தொடங்கிய ஆய்வு. இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். குடும்பத்தில் வளர்ந்தவர்களின் அறிவுத்திறனும் பற்றுணர்வும் மேம்பட்டன. குறிப்பாக இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு வயதுக்குட்பட்டவர்களை இல்லங்களில் சேர்ப்பதை, கடுமையான ஊனமுள்ளவர்களைத் தவிர்த்து, 2004-ஆம் ஆண்டின் 272-ஆம் சட்டம் தடைசெய்தது. பழைய பெரிய இல்லங்களில் பெரும்பாலானவை படிப்படியாக மூடப்பட்டன.

அதனால் அன்று லாரிகள் போனது வீண் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் வெந்நீருக்காகக் கொள்கை மாற்றம் வரும்வரை காத்திருக்கும்படி எந்தக் குழந்தையிடமும் சொல்ல முடியாது. ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பெயிண்டையும் பொம்மைகளையுமே ஏற்றிச் சென்ற குழுக்கள், மூடப்பட வேண்டிய இல்லங்களின் ஆயுளை நீட்டின. புதிய முகங்களைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்ட பிள்ளைகளை அன்பானவர்கள் என்று பலர் வியந்தார்கள். யாரென்று பாராமல் எவரிடமும் ஒட்டிக்கொள்வது, நிலையான ஒருவர் இல்லாததால் வரும் பாதிப்பு என்று அந்த ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். வந்து, கொஞ்சி, சில நாட்களில் போய்விடும் தன்னார்வலர்கள் அதை மேலும் ஆழமாக்குகிறார்கள்.

2022-இல் உக்ரைனிலிருந்து தப்பி வந்தவர்களுக்காக உக்ரைன் எல்லையிலுள்ள அதே சீரெட்டை நோக்கி மீண்டும் வண்டிகள் போயின. உக்ரைனின் இல்லங்களில் இருந்த பிள்ளைகளிலும் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உண்டு. ஆகவே என்னிடம் கேட்ட இளைஞர்களுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். வண்டியை வாடகைக்கு எடுப்பதற்கு முன், அங்குள்ள பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார் என்று இல்லத்தாரிடம் கேளுங்கள். அவர்கள் வீடு திரும்ப எது தடையாக இருக்கிறது, குளிர்கால விறகா, மருந்துச் செலவா, பள்ளிக்குப் போகும் வழியா என்று கேளுங்கள். கூரை ஒழுகினால் அதைச் சரிசெய்யுங்கள். பெயிண்டுக்கு வைத்திருந்த பணத்தை அந்தக் குடும்பங்களுக்கு ஒதுக்குங்கள்.