மேட்டூர்க்காரர் மறுபடியும் மனு போட்டுட்டாரா?

தேர்தல் தேதி அறிவித்ததும் அப்பா பேப்பரில் முதலில் தேடுவது மேட்டூர் பத்மராஜனைத்தான். டயர் கடை வைத்திருக்கும் மனிதர். 1988-இல் ஆரம்பித்தது, 2024-க்குள் 230 தடவைக்கு மேல் மனு போட்டாயிற்று. வாஜ்பாய், மன்மோகன் சிங், மோடி என்று எதிரில் யார் நின்றாலும் கவலையில்லை. ஒன்றில்கூட ஜெயித்ததில்லை.

நானும் சிரித்தவன்தான். அப்புறம் ஒருநாள் டெபாசிட் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போது மக்களவைக்கு 25,000 ரூபாய், சட்டமன்றத்துக்கு 10,000. பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திரும்பக் கிடைக்கும். பஞ்சர் ஒட்டிச் சம்பாதித்த காசு! அப்பா இதைக் கிறுக்கு என்பார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

2011-இல் மேட்டூரில் மட்டும் 6,273 ஓட்டு வாங்கினார். அத்தனை பேர் பட்டியலில் அவர் பெயரைத் தேடிப் பிடித்துக் குத்தியிருக்கிறார்கள்.

நான் அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் பதவிக்கு ஒரே ஒரு தடவை நின்றேன். நாலு ஓட்டில் தோல்வி. இரண்டு மாசம் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில்தான் ஏறினேன். மூன்றாவது மாடி.