ரெட்டிச்சாவடியா, முள்ளோடையா? தம்பியின் தொடை எலும்புக்கு ராடு வைத்த அனுபவம்

சென்ற மாசியில் ரெட்டிச்சாவடி அருகே ஒரு மினி லாரி உரசியதில், பைக்கில் வந்த என் தம்பியின் இடது தொடை எலும்பு நடுவில் முறிந்தது. 108 உடனே வந்தது. கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். முறிந்த எலும்பு விலகாமல் இழுத்துப் பிடிக்க, முழங்காலுக்குக் கீழே கம்பி செருகி ஏழு கிலோ எடையைத் தொங்கவிட்டார்கள்.

சிக்கல் காப்பீட்டு கவுன்ட்டரில் தொடங்கியது. வலியில் முனகிக்கொண்டிருந்தவன் வாய்க்கு வந்த ஊர்ப் பெயரைச் சொல்ல, விபத்துப் பதிவேட்டில் ‘முள்ளோடை அருகில்’ என்று எழுதிவிட்டார்கள். தமிழ்நாடு அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில், விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும். அடிபட்டவர் எந்த மாநிலத்தவராகவும் இருக்கலாம், ஆனால் விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும். முள்ளோடையோ புதுச்சேரியைச் சேர்ந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்தும் பாராமல், “இது பாண்டி கேஸ் சார், இங்கே வராது” என்றார்.

காவல் நிலையத்துக்குப் போனால் மருத்துவமனையிலிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். மருத்துவமனையில் காவல் நிலையத்திலிருந்து கடிதம் கேட்டார்கள். இப்படி அலைந்ததில் 48 மணி நேரத்தில் முப்பது மணி நேரம் கரைந்துவிட்டது. கடைசியில், ஆம்புலன்ஸ் ஊழியர் கொடுத்து, நான் சட்டைப் பையில் மடித்து வைத்து மறந்தே போயிருந்த தாளில், ஏற்றிய இடம் ‘ரெட்டிச்சாவடி’ என்று தெளிவாக இருந்தது. அதை கவுன்ட்டரில் விரித்து வைத்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி மாளாது. பதிவேட்டில் இடத்தை எழுதும்போதே அருகில் நின்று படித்துப் பாருங்கள். அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடை எலும்பு முறிந்தால் தசைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் கசியக்கூடும் என்பதால், இரண்டு கொடையாளர்களை அழைத்து வரச் சொன்னார்கள். மருத்துவர் நல்ல காலை டேப் வைத்து அளந்து, எலும்புக்குள் செருகும் உலோகக் கம்பியான ராடின் நீளத்தை முடிவு செய்தார். முறிந்த இடத்தைத் திறக்காமல், இடுப்பருகே சிறு கீறலிட்டு, சி-ஆர்ம் என்னும் எக்ஸ்ரே கருவியின் திரையைப் பார்த்தபடியே எலும்பின் நடுவே உள்ள மஜ்ஜைக் குழிக்குள் ராடை இறக்கி, எலும்பு சுழலாமலும் குறுகாமலும் இருக்க மேலும் கீழும் குறுக்குத் திருகுகளைப் போடுவார்கள் என்று விளக்கினார். 1939-இல் ஜெர்மனியின் கீல் நகரில் குன்ட்ஷர் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் இந்த முறையைத் தொடங்கியபோது அந்தத் திருகுகள் கிடையாதாம். முதுகில் ஊசி போட்டதால் வலி தெரியவில்லை என்றும், சுத்தியல் சத்தம் மட்டும் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை என்றும் தம்பி சொல்கிறான்.

வீடு திரும்பும் நாளிலும் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். ராடு, திருகுகளின் உறையில் இருக்கும் ஸ்டிக்கர்கள் கேஸ் ஷீட்டில் ஒட்டப்படவில்லை என்று காப்பீட்டுக் கோப்பு திரும்பி வந்திருந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்த அன்றே அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆறாவது வாரம், காலில் இருபது கிலோ வரை மட்டும் பாரம் கொடுக்கலாம் என்றார் மருத்துவர். இருபது கிலோ எவ்வளவு என்று காலுக்கு எப்படித் தெரியும்? பக்கத்துப் பழைய பேப்பர் கடையிலிருந்து எடை இயந்திரத்தை இரவல் வாங்கி வந்தோம். தம்பி வாக்கரைப் பிடித்தபடி இடது காலை அதன்மேல் வைத்து, முள் இருபதைத் தொடும்வரை மெல்ல அழுத்திப் பழகினான்.